மூன்று முறை மாற்றிய வொலியூம் கொன்ட்ரோல்: வீட்டில் கட்டிய ஓர் அம்ப்பின் நிகழ்வு ஆய்வு

"காலையில சத்தம் வராது தம்பி. பத்து மணிக்கு மேல வரும். வந்தாலும் சில நேரம் திடீர்னு கத்தும், பிள்ளைங்க பயந்துருதுக."

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் சொன்ன வார்த்தைகள் இவை. யூரியா பேக்கில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கம்பளித் துண்டும் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். பிரித்தால் உள்ளே சதுரமான பழைய பிஸ்கட் டின். முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சுவிட்ச், நடுவில் தேயிலை மரக்கட்டையில் செதுக்கிய ஒரு குமிழ். 2006இல் அவர் மகன் கட்டிய அம்ப், அதாவது பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி. மகன் இப்போது கட்டாரில் இருக்கிறார். காலையில் பக்திப் பாட்டும் செய்தியும் கேட்பது இதில்தான்.

"புதுசு வாங்கிக்கங்கன்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றார். நான் சொல்லவும் நினைக்கவில்லை.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அந்த அம்ப்பில் வொலியூம் கொன்ட்ரோல் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. என் மேசைக்கு வந்தபோது இருந்தது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் சில மாதம் நன்றாகப் பாடும், பிறகு 'கர கர' என்று தொடங்கும், பிறகு விட்டு விட்டு வரும். பார்த்தவர்கள் எல்லாரும் கரகரப்பு கேட்ட இடத்தையே மாற்றியிருக்கிறார்கள். கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

காலையில் ஏன் வேலை செய்யவில்லை

முதலில் என்னைப் பிடித்தது அந்தப் 'பத்து மணி' கணக்கு. சூடானதும் சரியாகும் பழுது என்றால் பொதுவாக ஈயம் விட்ட இடத்தைத்தான் சந்தேகிப்போம். ஆனால் அம்ப்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு டின்னுக்குள் சூடு ஏறிய பிறகும் சத்தம் வராது, வெயில் வந்த பிறகுதான் வரும் என்றார். குமிழைத் திருப்பினேன். அப்போது காலை எட்டு மணி, வெளியே பனிமூட்டம். குமிழ் மெழுகுக்குள் சுற்றுவதுபோல இறுக்கமாகத் திரும்பியது.

"இதுக்குள்ள ஏதாவது ஊத்தினீங்களா ஐயா?"

"நான் ஊத்தல. போன தடவ பார்த்தவரு கொஞ்சம் தேங்கா எண்ணெ விட்டாரு. அன்னைக்கு நல்லா இருந்திச்சு."

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் போத்தலுக்குள் ஆண்டு முழுவதும் தண்ணீர்போல இருக்கும் எண்ணெய், ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனில் காலையில் வெள்ளைக் கட்டியாக இருக்கும். இங்கே தலைக்கு எண்ணெய் வைக்க அடுப்போரம் போத்தலை வைப்பது நமக்கெல்லாம் பழக்கம்தானே. அதே எண்ணெய் வொலியூமுக்குள் இறங்கி, இரவுக் குளிரில் உறைந்து, உள்ளே ஓடும் மெல்லிய பித்தளை விரல்களைக் கார்பன் பட்டையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது. வெயில் ஏறினால் இளகும், விரல் இறங்கும், பாட்டு வரும். டின்னுக்குள் சத்தத்தைப் பெருக்கும் ஐசி சில்லின் சூடு முன்பக்கத் தகடுவரை வந்து சேரவில்லை. அதனால்தான் அம்ப்பை ஓடவிட்டும் பயனில்லை.

கழற்றித் திறந்தேன். பின்மூடியைப் பிடித்திருக்கும் நான்கு காதுகளையும் சின்னத் திருப்புளியால் மெதுவாக நிமிர்த்தினால் மூடி வந்துவிடும். காதை ஒரு தடவை நிமிர்த்தலாம், இரண்டாவது தடவையும் தாங்கும், மூன்றாவதில் ஒடியும். எனவே திறக்கும் அன்றே எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும். உள்ளே கண்மைபோல ஒரு கறுப்புக் குழம்பு. எண்ணெய், தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூள், லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) விறகடுப்பின் கரி மூன்றும் கலந்தது. எண்ணெய் வழுக்கும் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். ஆனால் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணெய் நாளடைவில் அரைக்கும் பசையாகிவிடுகிறது.

துடைத்த பிறகு கார்பன் பட்டை தெரிந்தது. குதிரை லாடம்போல வளைந்த அந்தக் கறுப்புப் பட்டையில், தொடக்கத்தில் மட்டும் இரண்டு பளபளப்பான கோடுகள் ஆழமாக ஓடியிருந்தன. ஒரு கோட்டில் கார்பன் முழுவதும் போய், அடியில் உள்ள பழுப்பு அட்டையே தெரிந்தது. ஆனால் பட்டையின் மீதி முக்கால் பங்கு கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோல மங்கலாக, கீறல் இல்லாமல் இருந்தது.

ஒரே இடத்தில் இப்படித் தேய்ந்ததன் காரணம் மூடியின் முதுகிலேயே அச்சாகியிருந்தது: பி50கே. 50கே என்பது தடை, 50 கிலோ ஓம். ஆசியத் தயாரிப்புகளில் 'பி' என்றால் நேர்வகை, 'ஏ' என்றால் மடக்கை வகை. நம் காது சத்தத்தைக் கேட்கும் விதத்துக்கு ஏற்றது மடக்கை வகைதான். அதில் குமிழைப் பாதி திருப்பினால் மொத்தத் தடையில் 10 முதல் 15 வீதம்தான் கிடைக்கும், பிற்பாதியில்தான் வேகமாக ஏறும். நேர்வகையில் பாதி திருப்பினால் பாதி வோல்ட் வந்துவிடும். இந்த அம்ப் வருவதை 22 மடங்கு பெருக்கும். கைபேசியிலிருந்து வரும் சிக்னலில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே ஒரு லயத்து அறைக்குத் தாராளம். ஆகவே 'பி' போட்ட நாளிலிருந்து அந்தக் குமிழ், கடிகார முள்ளின் நிலையில் சொன்னால், ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையிலேயே அசைந்துகொண்டிருந்தது. தினம் பல தடவை, அதே சில மில்லிமீற்றரில். பெரியவரிடம் கேட்டபோது முதலில் இருந்த வொலியூமில் "பாதிக்கு மேல திருப்பித்தான் கேப்போம்" என்று சரியாக நினைவு வைத்திருந்தார். மகன் போட்டது 'ஏ'. மாற்றியவர்கள் போட்டது 'பி'. 50கே என்ற எண்ணை மட்டும் பார்த்து, எழுத்தை விட்டுவிட்டார்கள்.

அந்தத் திடீர்க் கத்தலுக்குக் காரணம் வேறு. வொலியூமுக்கு மூன்று கால்: ஓரத்தில் உள்ள இரண்டும் பட்டையின் இரு முனைகள், நடுக்கால் பித்தளை விரலோடு சேர்ந்தது. ஓரக்கால்கள் இரண்டுக்கும் மீட்டர் வைத்தால் 61 கிலோ ஓம் காட்டியது. பூமிக்கு, அதாவது சுற்றின் பூச்சிய வோல்ட்டுக்குப் போகும் ஓரக்காலை விரலால் லேசாகத் தட்டினால் மீட்டர் திறந்த நிலைக்குப் போய்விட்டது. காலையும் கார்பன் பட்டையையும் சேர்க்கும் குட்டி ஆணி தளர்ந்திருந்தது. பூமித் தொடர்பு அறுந்தால் சிக்னலைக் கீழே இழுக்க ஒன்றும் இல்லை, முழுச் சத்தமும் அப்படியே அம்ப்புக்குள் போகும். பிள்ளைகள் பயந்தது அதனால்தான்.

மீட்டர் சொன்னது

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நானும் நான்காவது வொலியூமைப் போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் முதல் இரண்டையும் கழற்றியது கரகரப்புக்காகத்தான். தேங்காய் எண்ணெய் மூன்றாவதில்தான் இறங்கியது. புதிதாகப் போட்ட வொலியூம் சில மாதத்தில் கரகரக்கிறது என்றால் அதில் நேர்மின்னோட்டம் (டிசி) நுழைகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

சுத்தமான வொலியூமின் நடுக்காலில் இருக்க வேண்டியது பாட்டின் சிக்னல் மட்டுமே. அதில் நேர் வோல்ட் ஏதாவது நின்றால், விரல் பட்டையில் எங்கேயாவது துள்ளும்போதெல்லாம் அந்த வோல்ட்டும் துள்ளும். 20 மில்லிவோல்ட் துள்ளல் 22 மடங்காகி ஸ்பீக்கரில் அரை வோல்ட் அளவுக்கு 'கர்ர்' என்று கேட்கும். அதே தேய்மானம், நேர் வோல்ட் இல்லாவிட்டால் காதுக்கே தெரியாமல் கூடப் போய்விடும்.

ஐசி டிடிஏ2030ஏ. ஐந்து கால் உள்ள, எஸ்ஜிஎஸ் நிறுவனம் கொண்டுவந்த பழைய நம்பகமான சாமான், இலங்கையில் வீட்டில் அம்ப் கட்டிய பலருடைய கை பட்டது. இங்கே ஒற்றை சப்ளையில், அதாவது கூட்டல் வோல்ட் மட்டும் கொடுத்து, கட்டியிருந்தது. 18 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர், நான்கு டயோட், பெரிய கப்பாசிட்டர், சரியாக 24 வோல்ட். ஒற்றை சப்ளை என்றால் ஐசியின் உள்ளீடான 1ஆம் காலைப் பாதி வோல்ட்டில், அதாவது 12இல் நிறுத்த வேண்டும். இரண்டு 100கே ரெசிஸ்டர் 24ஐப் பாதியாக்கும், அங்கிருந்து இன்னொரு 100கே வழியாக 1ஆம் காலுக்கு. வெளியீடான 4ஆம் காலும் அதே 12இல் நிற்கும். அந்த 12 வோல்ட் வொலியூமுக்குத் திரும்பி வராமல் தடுப்பது நடுவில் உள்ள, சிக்னலை மட்டும் விட்டு நேர் வோல்ட்டை மறிக்கும் ஒரே ஒரு சின்னக் கப்பாசிட்டர்.

அசல் நிலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, தளர்ந்த காலை ஒரு கிளிப்பால் இறுக்கிப் பிடித்து, அதே வொலியூமை மறுபடி இணைத்தேன். கைபேசி வயரைக் கழற்றிவிட்டு கரண்ட் கொடுத்தேன். குமிழ் அடியில் இருக்கும்போது நடுக்காலில் பூச்சியம். மெதுவாகத் திருப்பத் திருப்ப வோல்ட் ஏறியது. முழுவதும் திருப்பியபோது 1.4 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரு மில்லிவோல்ட்டுக்கே முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட்!

4ஆம் காலில் இருந்தது 12 அல்ல, 7.9. இங்கே அவசரப்பட்டால் வழி தவறும். 12இல் நிற்க வேண்டிய வோல்ட் இறங்கியிருந்தால், அந்த இரண்டு 100கே சேரும் இடத்தில் உள்ள 22 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒழுகுகிறது என்றும் சொல்லலாம். ஒழுகுவது அதுவா, நடுவில் உள்ள சின்னக் கப்பாசிட்டரா என்று பிரித்துக் காட்டியது குமிழ்தான். மீட்டரை 4ஆம் காலில் வைத்துக்கொண்டே இடது கையால் குமிழைத் திருப்பினேன். 7.9 மெல்ல 8.4க்கு ஏறியது. திரும்பக் குறைத்தேன், இறங்கியது. வொலியூமைத் திருப்பினால் ஐசியின் நேர் வோல்ட் அசையவே கூடாது. அசைகிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காவலாளி வாசலைத் திறந்துவிட்டிருக்கிறான்.

கணக்குப் போட்டால், அந்தக் கப்பாசிட்டர் 300 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைந்த ஒரு ரெசிஸ்டர்போல நடந்துகொண்டிருந்தது. வழியும் மின்னோட்டம் 27 மைக்ரோஅம்பியர்தான். அது கார்பனைத் தேய்க்காது. தேய்த்தது 'பி' வகையும், பிறகு எண்ணெயும். ஆனால் சாதாரணத் தேய்மானத்தையெல்லாம் காதுக்குக் கேட்க வைத்தது இந்த 27தான்.

பெரியவர் சொல்லாத இன்னொரு பழுதுக்கும் இதில் விடை இருந்தது. சத்தம் கூட்டினால் பாட்டு பிளக்கிறதா என்று கேட்டேன். "அது ஸ்பீக்கர் பழசாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். நடு வோல்ட் 12இல் நின்றால் அலை மேலேயும் கீழேயும் ஏறத்தாழ 10 வோல்ட் ஆடலாம், 8 ஓம் ஸ்பீக்கரில் 6, 7 வொட் வரும். நடு 8க்கு இறங்கினால் கீழ்ப்பக்கம் ஆறரை வோல்ட்டிலேயே முட்டிக்கொள்ளும். சுத்தமான சத்தம் 3 வொட்டுக்கும் கீழே. ஸ்பீக்கர் ஒரு தவறும் செய்யவில்லை.

கப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் விடுவித்தேன். 4ஆம் கால் 11.9க்கு ஏறி அங்கேயே நின்றது. பிறகு டோர்ச் அடித்து அதன் உடம்பைப் பார்த்தேன். 2.2 மைக்ரோஃபராட், 50 வோல்ட். கழித்தல் கோடு ஐசியின் பக்கம் இருந்தது. 12 வோல்ட் இருக்கும் பக்கத்தில் கூட்டல் வந்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே தலைகீழ். இந்த வகைக் கப்பாசிட்டர் தலைகீழாக ஒரு வோல்ட் அளவுக்குத்தான் பொறுக்கும். மேலே இருந்த ரெசிஸ்டர்கள் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தியதால் வெடிக்காமல், இத்தனை ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் ஒழுகியிருக்கிறது.

செய்த வேலை

அதன் இடத்தில் 1 மைக்ரோஃபராட் பொலியெஸ்டர் கப்பாசிட்டர் போட்டேன். அதற்குக் கூட்டல் கழித்தல் கிடையாது, இனி யாரும் தலைகீழாகப் போட முடியாது. 100கே உள்ளீட்டுக்கு அது 2 ஹேர்ட்ஸுக்கும் கீழேதான் வெட்டும், ஆகவே மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் குறையும் என்ற பயம் வேண்டாம். விலை ஒரு பிளேன்டிக் காசு.

'ஏ' வகை 50கே ஹட்டனில் கிடைக்கவில்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும் ஒரு தம்பியிடம் சொல்லியனுப்பினேன். அதுவரை பெரியவருக்குக் காலைப் பாட்டு நிற்கக்கூடாது. எனவே பழையதையே கொஞ்ச நாளுக்குத் தயார் செய்தேன். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், பஞ்சு வெள்ளையாக வரும்வரை, பட்டையை அதன் வளைவோடே துடைத்தேன். குறுக்கே தேய்த்தால் நல்ல கார்பனும் கையோடு வந்துவிடும். தளர்ந்த ஆணியை ஒரு இரும்புத் துண்டின் மேல் வைத்து, மழுங்கிய ஆணி முனையால் இரண்டு மெல்லிய தட்டு. பிறகு, இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை: கூர் இடுக்கியால் இரண்டு பித்தளை விரல்களையும் அரை மில்லிமீற்றர் உள்பக்கம் வளைத்தேன். தேய்ந்த கோடுகளுக்குப் பக்கத்தில் யாரும் மிதிக்காத கார்பன் இருந்தது, இனி விரல் அதில் ஓடும். அழுத்தம் கூடிவிடக் கூடாது, குறைந்துவிடவும் கூடாது. முள் மீட்டரை நடுக்காலில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் தடுக்காமல் ஏற வேண்டும். இதற்கு எண் காட்டும் மீட்டர் சரிவராது, இடையில் விழும் சின்னத் துள்ளல்களை அது விழுங்கிவிடும்.

பென்சிலால் பட்டையைக் கறுப்பாக்குவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. அந்த இடத்தில் தடை கன்னாபின்னாவென்று மாறும், ஒட்டாத தூள் மற்ற இடத்துக்கும் பரவும், சில வாரத்தில் பழைய நிலைதான்.

புதிய வொலியூம்கள் மூன்று வந்தன, மூன்றிலும் 'ஏ50கே'. ஈயம் வைக்குமுன் ஒவ்வொன்றையும் சரிபாதியில் நிறுத்தி, நடுக்காலுக்கும் பூமிக் காலுக்கும் அளந்தேன். இரண்டு 6கே பக்கம் காட்டின. மூன்றாவது 24கே. ஐரோப்பியப் பழைய குறியீட்டில் 'ஏ' நேர்வகையைக் குறிக்கும், அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. 'ஏ' வகையே கிடைக்காதவர்கள் பி50கேயின் நடுக்காலுக்கும் பூமிக்கும் இடையில் ஒரு 6.8கே ரெசிஸ்டர் வைத்தால், பாதித் திருப்பலில் ஏறத்தாழ 18 வீதம் கிடைக்கும். அசல் மடக்கை அல்ல, ஆனாலும் குமிழ் முழுவதும் பயன்படும், தேய்மானமும் பரவும்.

குமிழில்தான் ஒரு மத்தியானம் போயிற்று. புதிய தண்டு பல் வெட்டி நடுவில் பிளந்தது. மகன் செதுக்கிய குமிழோ உருண்டைத் தண்டுக்குத் துளைத்தது, பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. திருகை இறுக்கினால் பிளந்த தண்டு ஒரு பக்கம் ஒடுங்கிக் குமிழ் கோணலாகிறது. மரத்தைத் துளைத்துப் பெரிதாக்க எனக்குக் கை வரவில்லை. பிளவுக்குள் ஒரு செப்புத் தகட்டுத் துண்டைச் செருகி, தண்டைச் சுற்றி அதே தகட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஏற்றினேன். நேராக நின்றது. விரல் படும் இடத்தில் தேயிலை மரம் வழவழவென்று கறுத்திருக்கிறது. அதைத் துடைக்கவில்லை.

டின்னுக்குள் 230 வோல்ட் வரும் முனைகள் மூடாமல் இருந்தன. உறை போட்டு, ஒரு ஃபியூஸும் சேர்த்தேன்.

பிறகு

ஆறு மாதம் கழித்து, தென்மேல் மழை முழுவதும் போன பிறகு, அந்தப் பக்கம் போனபோது லயத்திலேயே திறந்து அளந்தேன். நடுக்காலில் 2 மில்லிவோல்ட், 4ஆம் காலில் 11.9. குமிழ் பன்னிரண்டு மணியில் நின்றுகொண்டிருந்தது. கரகரப்பு இல்லை.

அப்போது கட்டாரிலிருந்து மகன் பேசினார். மறைக்காமல் சொன்னேன், கப்பாசிட்டர் தலைகீழாக இருந்தது தம்பி என்று. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, "நான் பார்த்த படம் ரெண்டு சப்ளை உள்ளதுண்ணே. நடுக்கால் உள்ள டிரான்ஸ்ஃபோமர் கிடைக்கல. அதனால ஒத்த சப்ளைக்கு மாத்தினேன். கப்பாசிட்டர அப்படியே விட்டுட்டேன்" என்றார். சரியான விளக்கம். கூட்டலும் கழித்தலும் கொடுக்கும் இரட்டை சப்ளையில் 1ஆம் கால் பூச்சிய வோல்ட்டில் நிற்கும், அங்கே அந்தக் கப்பாசிட்டர் எந்தப் பக்கம் இருந்தாலும் பெரிய கேடு இல்லை. சப்ளையை மாற்றியபோது அந்த இடத்தின் வோல்ட் 12 ஆனது, கப்பாசிட்டர் மட்டும் பழைய திசையிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, அதே மாதிரி இன்னொன்னும் கட்டினேன். கோயில்ல இருக்கு."

மாரியம்மன் கோயில் லயத்துக்கு மேலே, படி ஏறினால் வந்துவிடும். பூசாரி ஐயா சாவியோடு வந்தார். சாமி அறைக்குப் பக்கத்து மாடத்தில் அதே அளவு பிஸ்கட் டின். அதன் வொலியூமும் கரகரக்கிறது, அடுத்த மாதம் திருவிழாவுக்கு முன் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கிப் பிடித்தார். மீட்டரை 4ஆம் காலில் வைத்தேன். 8.6. குமிழைத் திருப்பினேன். எண் அசைந்தது.